மேடையில் உன் அக்காவுக்கு விடச் சொன்ன இடம்

கண்ணு,

ஓசூர்க் கல்யாண வேலையை முடித்துக்கொண்டு நீ வீட்டுக்கு வரும்போது இந்தக் கடிதம் உன் கணினி மேசைமேல் இருக்கும். போனிலேயே சொல்லியிருக்கலாம். வேலையில் இருக்கிறவனைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்பது ஒரு காரணம். போனில் ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மை. ரயில்வே அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் எதையும் எழுதிக் கொடுத்தே பழகியவன் நான். எழுதும்போது அடித்துத் திருத்தலாம். எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியதில்லை. இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். அதில் உன் அக்கா இருப்பாளா மாட்டாளா என்பதைப் பற்றி நாம் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். உன்னைக் கேட்காமல் அந்த ஏற்பாட்டை நான் கலைத்துவிட்டேன். நீ கோபப்பட நியாயம் இருக்கிறது. கோபப்படுவதற்கு முன்னால், நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைப் பொறுமையாகப் படித்துவிடு.

மில் வேலையை விட்டுவிட்டுக் கல்யாணப் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதை நீ மறந்திருக்க மாட்டாய். பிறகு நீ தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்து, கூட ஒரு ஆள் வேண்டியிருந்தபோது, சூரமங்கலத்து வீட்டில் செய்தித்தாளை மூன்று முறை படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாய். இந்த வயதில் நான் உனக்கு மாணவன் ஆனேன். முதல் நாள் ஓமலூர் மண்டபத்தில் இரண்டாவது கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டாய். நான் கேமராவோடு வந்த புத்தகத்தை முழுதும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வெளிச்சம் பார்த்தேன், ஷட்டர் வேகம் பார்த்தேன், மறுபடியும் வெளிச்சம் பார்த்தேன். நலுங்கு வைக்க நின்ற அத்தைமார் கையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. அவர்களில் ஒரு அம்மாள், "ஏனுங்க பெரியவரே, படம் புடிக்கறீங்களா, பரீட்சை எழுதறீங்களா?" என்று கேட்க, மேடையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நீ பக்கத்தில் வந்து மெதுவாக, "அப்பா, ஒருக்கா யோசிச்சாப் போதுங்க. ரெண்டாவது யோசிக்கறப்ப அவிய சோத்துக்குப் போயிருவாங்க" என்றாய். அன்றைக்கு நான் எடுத்த படங்களில் பாதியில் யாரோ ஒருவர் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த வேலையில் எனக்கு ஒன்று மிகவும் பிடித்துப்போனது. மணமக்களுக்குப் பின்னால் மின்சாரப் பெட்டி தெரிகிறது என்று நான் பதறினால் நீ, "அதை அப்புறம் எடுத்துக்கலாங்கப்பா" என்பாய். யாரோ ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்றால், "வேற படத்துல இருந்து கண்ண எடுத்து வெச்சுக்கலாம்" என்பாய். செய்த ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்துவிட்டோமோ என்று வாழ்நாள் முழுவதும் உருட்டிக்கொண்டிருந்தவனுக்கு, தப்பு நடந்த பிறகும் திருத்த ஒரு இடம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? கேமராவில் தேறாத நான் கணினியில் தேறினேன். படத்திலிருந்து ஒரு ஆளை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டியெடுப்பதற்கு அவசரப்படாத கை வேண்டும் என்று நீ சொன்னாய். அந்தக் கை என்னிடம் இருந்தது. சேலை ஓரம் சுலபம், காது பரவாயில்லை, முடிதான் கடினம். காற்றில் பறக்கிற ஒற்றை முடியை விட்டுவிட்டால் ஆள் ஒட்டவைத்தது போலத் தெரியும். நான் ஒற்றை முடியையும் விடமாட்டேன். நீ உன் நண்பர்களிடம், "முடி வேலைக்கு எங்கப்பாவ மிஞ்ச ஆளில்ல" என்று சொன்னதைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டேன். அலுவலகத்தில் அத்தனை வருடத்தில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த, ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த ரிக் வண்டிக்காரரை நினைத்துப் பார். நாம் படம் எடுத்த கல்யாணப் பெண்ணின் அண்ணன். வடக்கே எங்கேயோ கிணறு போட்டுக்கொண்டிருந்தவர், வண்டி வழியில் நின்றுபோனதால் தங்கையின் முகூர்த்தத்துக்கு வந்து சேரவில்லை. குடும்பப் படத்தில் அவருக்கு ஒரு ஆள் இடம் விட்டு எல்லோரும் நின்றார்கள். முகூர்த்தம் முடிந்தபின் வந்து சேர்ந்தவர், கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி சட்டையோடு நம் மாடி அறைக்கு வந்து வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றார். "இடது கைப்பக்கம் தங்கச்சி நிக்கறதா நெனச்சுக்குங்க. தலமேல கைய வெச்சு ஆசீர்வாதம் பண்ற மாதிரி" என்றாய். அவர் கையைத் தூக்கிவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் உன்னைப் பார்த்தார்.

"தங்கச்சி இப்ப என்ன ஒசரமுங்க?"

"உங்க தோள் வரைக்கும் வருவாங்க. கொஞ்சம் கீழ. இன்னுங் கொஞ்சம். அங்கயே நிறுத்துங்க."

"காத்துக்கு ஆசீர்வாதம் பண்றனுங்க நானு," என்று அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் கையை இறக்கவில்லை. நான் வெட்டியெடுத்து ஒட்டிய அந்தப் படத்தை வாங்கிக்கொண்டவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கு எப்ப வந்தேன்னு கேட்டா என்னங்க சொல்றது?" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் வேலை நன்றாக வந்திருந்தது என்ற பெருமைதான் அன்றைக்கு எனக்கு இருந்தது; வேறொன்றும் இல்லை.

உன் அக்கா வேறு சாதியில், பதிவு அலுவலகத்தில், நமக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டது உனக்குத் தெரிந்த கதை. அன்றைக்கு சங்ககிரியிலிருந்து உன் பெரியப்பா வந்து நம் கூடத்தில் நின்றுகொண்டே, "இனிமே நம்ம விசேஷம் ஒண்ணுலயும் அந்தப் புள்ள நிக்கக் கூடாது. நின்னா நான் நிக்க மாட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். லாரியில் கிளீனராகப் போய் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். அவர் நின்றுகொண்டு பேசும்போது நான் உட்கார்ந்ததில்லை. எதிர்த்துப் பேசியதும் இல்லை. அதற்குப் பிறகு உன் அம்மா மட்டும் அவளோடு போனில் பேசுவாள். எப்போதாவது என்னிடம் கொடுத்தால், "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீ அவளைப் பார்க்கக் குமாரபாளையம் போய்வருவது தெரியும். எங்கே போனாய் என்று நான் கேட்காமல் இருந்தேன். அதுவே உனக்குக் கொடுத்த அனுமதி என்று எண்ணிக்கொண்டேன்.

பெண் பார்த்து முடித்த அன்று மாலை நாம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா இட்லியைப் பிட்டுவிட்டு வாயில் வைக்காமல், "அப்ப, அவ?" என்று கேட்டாள். நீதான் பேசினாய். "பெரியப்பா கூடச் சண்ட வேண்டாங்கம்மா. குடும்பப் படம் எடுக்கறப்ப உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல ஒரு ஆளுக்கு எடம் உட்டு நிப்போம். அக்காவ நான் அப்புறம் சேத்துக்கறேன். ஆல்பத்துல அக்கா இருப்பா. மண்டபத்துல யாருக்கும் சங்கடமில்ல." அம்மா எழுந்து சட்னி எடுக்கப் போனாள். சட்னி மேசையில்தான் இருந்தது. நான், "நல்ல யோசன கண்ணு" என்றேன். உன்மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ அக்காவை விட்டுவிடக் கூடாது என்றுதான் அதை யோசித்தாய். என்னுடைய நிம்மதிதான் இப்போது எனக்கு உறுத்துகிறது. அண்ணனிடமும் பேச வேண்டியதில்லை, மகளிடமும் பேச வேண்டியதில்லை. ஓரம் பிசகாமல் வெட்டத் தெரிந்தால் போதும்.

நம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ செய்ய வேண்டிய இணைச்சீர் என்ற சடங்கு இருக்கிறதே, அதைப் படம் எடுக்க நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த நாள் அந்தச் சமயத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். கூறைப்புடவையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கையில், மறுமுனை கூடப்பிறந்தவள் கையில். நான் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிட்டே போய்க் கிட்டே போய் எடுத்திருந்தேன். எல்லாப் படத்திலும் புடவை சட்டத்தின் ஓரம் வரை போய் அறுந்து நின்றது. "எங்கங்கப்பா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாய். "இது மாப்பள படமில்லீங்க. ரெண்டு பேரு படம். பின்னால வாங்க, ரெண்டு மொகமும் தெரியற வரைக்கும் பின்னால வாங்க." அடுத்த கல்யாணத்தில் நாற்காலி தட்டும்வரை பின்னால் போய் எடுத்தேன். நீ அந்தப் படத்தை ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் போட்டாய். உன் கல்யாணத்தில் அந்தச் சீரைப் பெரியப்பாவின் மகள் செய்வதாக ஏற்பாடு. ஒன்றுவிட்ட தங்கை செய்யலாம், முறை இருக்கிறது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவளும் ஆசையாகச் சேலை எடுத்துவிட்டாள். கூடப்பிறந்தவள் அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர் புறப்படும் முன், "அக்கா போட்டோ அனுப்பிச்சிருச்சு. நீங்க வெட்டி மட்டும் வெச்சுருங்கப்பா, மத்தத வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து அதைத் திறந்தேன். பட்டுச் சேலை, வெறும் சுவர், இடது பக்கத்திலிருந்து வெளிச்சம், முழு உயரம். நீ சொன்னபடியெல்லாம் நின்றிருக்கிறாள். ஒன்று மட்டும் நீ சொன்னபடி இல்லை. இடுப்பில் குழந்தை இருந்தது. இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்திருக்க வேண்டும். அல்லது அவளே இறக்காமல் நின்றாளோ, தெரியாது. என் பேத்தியின் முகத்தை அவ்வளவு பெரிதாக அன்றைக்குத்தான் பார்த்தேன். உன் அம்மாவின் நெற்றி. ஒரு கை அம்மாவின் கழுத்தைச் சுற்றி, இன்னொரு கை தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு.

நான் என் வழக்கப்படி மேலேயிருந்து ஆரம்பித்தேன். நெற்றி, வகிடு, காதோர முடி. ஒற்றை முடியையும் விடவில்லை. அவள் சின்ன வயதில் தலை பின்னிவிடும்போது அம்மாவிடம் அலறுவாள் அல்லவா, அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தோள் வரைக்கும் வந்தேன். அங்கே குழந்தையின் விரல்கள் இருந்தன. நாம் விடப்போகிற இடம் ஒரு ஆளுக்குத்தான்; ஓரத்தை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது? விரல்களுக்கு இந்தப் பக்கம் போனால் விரல்கள் மட்டும் அக்காவின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் போனால் விரல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எங்கிருந்தாவது தோலைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். எப்படி நிரப்புவது என்று எனக்குத் தெரியும். அதுதான் கண்ணு எனக்குப் பயமாக இருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் உனக்குப் போன் செய்து கேட்டிருப்பேன், நீ ஏதாவது ஒரு வழி சொல்லியிருப்பாய், வேலை முடிந்திருக்கும். நான் ஒரு விரலை எடுத்துவிட்டேன். சுண்டுவிரல். அந்த இடம் சுத்தமாக, ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. உடனே பழையபடி ஆக்கிவிட்டு, கணினியை அணைத்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதுங்களா?" என்றாள். "கொஞ்சம் வெளிய போயிட்டு வாரேன்" என்றேன். சட்டையை மாற்றிக்கொண்டேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பூஜையறையிலிருந்து வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் எடுத்துப் பையில் போட்டுக் கையில் கொடுத்தாள்.

டவுன் பஸ் பிடித்துப் புது பஸ் நிலையம் போய், குமாரபாளையம் வழியாகப் போகிற பவானி பஸ்ஸில் ஏறினேன். சங்ககிரியில் பஸ் நின்றபோது, உன் பெரியப்பாவின் லாரி ஆபீஸ் இருக்கும் பக்கம் ஜன்னல் என்பதால், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "ஏனுங்க, தலகீழாப் புடிச்சிருக்கறீங்க" என்றார். சிரிக்கலாம் நீ. எனக்கும் பிறகு சிரிப்பு வந்தது. அப்போது வரவில்லை.

அக்கா வீடு தறிக்கூடத்தை ஒட்டி இருக்கிறது என்று நீ என்னிடம் சொல்லவில்லை. சந்தில் நுழைந்ததிலிருந்தே தறிச் சத்தத்தில் என் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கதவைத் தட்டியது அவளுக்கும் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான், "புள்ளே! உங்க ஊட்டுக்கு ஆரோ வந்திருக்காங்க பாரு" என்று கத்தினாள். அக்கா வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "அம்மாவுக்கு என்ன ஆச்சுங்கப்பா?" ஒன்றும் ஆகவில்லை என்று புரிய வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. யாருக்காவது ஏதாவது ஆனால்தான் அப்பா வருவார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தது. அவளே ஆரம்பித்தாள்.

"போட்டோ நல்லா வந்திருக்குதுங்களா?"

"வந்திருக்குது."

"எந்தப் பக்கம் நிக்கறனுங்க நானு? அம்மா பக்கமா, உங்க பக்கமா?"

"நடுவுல."

"பரவால்ல, நல்ல எடந்தான். பெரியப்பாவுக்கு மறைக்காம இருந்தாச் சரி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். உன்னைப் போலவே ஒரு பக்கமாகச் சிரிக்கிறாள். "பாப்பாவ என்னுங்க பண்ணுனீங்க? எறக்கி உட்டுட்டீங்களா?"

நான் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, தட்டு இல்லாததால் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "தம்பி கல்யாணத்துக்கு வா சாமி" என்றேன். தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னுங்க?" என்றாள். இன்னொரு முறை சொன்னேன். அவள் காதில் கையை வைத்துக் குனிந்தாள். மூன்றாவது முறை, கண்ணு, நான் கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். குழந்தை அழ ஆரம்பித்தது.

அக்கா வெற்றிலையை வாங்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு சொன்னாள்: "கடசி வரிசையில உக்காந்து சாப்புட்டுட்டுப் போறதுக்கு வரமாட்டனுங்கப்பா. போட்டோவுல நிக்கறதுக்கும் வரமாட்டேன். அவன் கூடப் பொறந்தவ நானு. இணைச்சீருக்குக் கூப்புடுங்க, வாரேன். எம்பட ஊட்டுக்காரரு, பாப்பா, மூணு பேரும் வாரோம்."

கேட்கக் கூடாததை அவள் கேட்கவில்லை. ஆனால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கும் தெரியும். படத்தில் மட்டும் நிற்பது வேறு; முகூர்த்தத்துக்கு முன்னால், உறவு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கூறைப்புடவையின் முனையைப் பிடித்துக்கொண்டு உன் எதிரில் நிற்பது வேறு. சீரை நடத்திவைக்கிற அருமைக்காரர் ஒத்துக்கொள்வாரா? பெண் வீட்டார் என்ன சொல்வார்கள்? சேலை எடுத்துவிட்ட பெரியப்பா மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வழக்கமாக நான் இதையெல்லாம் வரிசையாக யோசித்து, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்பேன். அன்றைக்கு நீ ஓமலூரில் சொன்னது போல ஒருமுறைதான் யோசித்தேன். "சரி" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகுதான் வெற்றிலையை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது சங்ககிரியில் இறங்கினேன். தைரியத்தில் இறங்கவில்லை. இறங்காமல் வீட்டுக்குப் போனால் நாளைக்குச் சொல்லலாம், நாளை மறுநாள் சொல்லலாம் என்று மூன்று வாரத்தையும் ஓட்டிவிடுவேன் என்று தெரிந்துதான் இறங்கினேன். பெரியப்பா ஆபீஸ் வாசலில் டயர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "ஏன்டா தம்பி, இந்த வெயில்ல?" என்றார். "குமாரபாளையம் போயிட்டு வாரனுங்ணா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. டயர்க்காரரை அனுப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம்பொண்ணு சீருக்குச் சேல எடுத்தாச்சு, தெரியுமல்லொ?"

"தெரியுமுங்ணா."

"அவகிட்ட நீயே சொல்றயா, நான் சொல்லோணுமா?"

"நான் சொல்றனுங்ணா."

"நீ சொல்லுவே!" என்றார். கொஞ்ச நேரம் சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள மேட ஏறுச்சுன்னா, எங்க ஊட்ல ஒருத்தரும் ஏற மாட்டோம். ரோசத்துல சொல்லல. சொன்னது சொன்னதுதான், மாத்த முடியாது. அப்பறம் லாரி ஸ்டாண்டுல நான் எப்படித் தல நிமிந்து நடக்கறது?"

"நீங்க வரோணுமுங்ணா. நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது."

"அத அங்க போறதுக்கு மின்னால யோசிச்சிருக்கோணும்." பிறகு பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். "குடிச்சுட்டுப் போ. மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்குது." குடித்தேன். புறப்படும்போது வாசல் வரை வந்தார். பஸ் வரும்வரை நின்றாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இதுதான் நடந்தது. நான் செய்தது சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஒரு மகளைக் கூப்பிட்டு ஒரு அண்ணனை இழந்துவிட்டேனோ என்று நேற்று முழுவதும் உருட்டிக்கொண்டிருந்தேன். உன் கல்யாண மேடையை என்னுடைய பாரத்தை இறக்கி வைக்கும் இடமாக ஆக்கிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. அப்படி உனக்குத் தோன்றினால் சொல், கேட்டுக்கொள்கிறேன். உன் வேலையைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? நீ சொல்லித்தான் எனக்கு அது தெரியும். ஆனால் குடும்பம் நடத்தப் போகிறவனுக்கு ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ சொல்வது படத்துக்குச் சரி. உன்னைக் கட்டிக்கொண்டு வரப்போகிற பெண் ஏதாவது கேட்டு நிற்கும்போது அதைச் சொல்லாதே. அவள் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். நாம்தான் அது முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

பெரியப்பா வரவில்லையென்றால், உன் படங்களில் அவர் இல்லாமல்தான் இருக்கும். அவரைப் பழைய படம் எதிலிருந்தாவது எடுத்துச் சேர்க்க எனக்கே கை துறுதுறுக்கும். நான் கேட்டாலும் செய்யாதே. அவர் வராத கல்யாணம் என்று ஆல்பத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். நாளைக்கு நான் மறுபடியும் சங்ககிரிக்கு, அவர் வீட்டுக்கே போகிறேன். அவர் மகளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. முகூர்த்தம் வரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன். அவருக்குச் சலித்தால் ஒருவேளை வருவார்.

உனக்கு இருக்கும் வேலை இரண்டு. பெண் வீட்டாரிடம் நீயே நேரில் போய் இதைச் சொல். என்னை அனுப்பினால் நான் சுற்றி வளைத்துக் குழப்பிவிடுவேன். அதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிடு. நான் கிளம்பும்போது, சேலை எடுக்கப் பணம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "நீங்க சொல்லீட்டீங்க, சந்தோசமுங்கப்பா. தம்பி ஒரு வார்த்த சொல்லட்டும், அப்பறம் எடுத்துக்கறேன்" என்றாள். என் வார்த்தையை அவள் முழுதாக நம்பவில்லை. நம்பாததற்கு அவளிடம் காரணம் இருக்கிறது. நான் போய்வந்து மூன்று நாளாகிறது. அவள் இன்னும் கடைக்குப் போகவில்லை என்று அம்மா சொல்கிறாள். மெசேஜ் அனுப்பாதே, கண்ணு. பேசு. அங்கே தறிச் சத்தம் அதிகம், கொஞ்சம் சத்தமாகவே பேசு.

அப்பா